படிப்பு மேசையில் ஒரு கைப்பேசி: வாசகர் கேள்வி – பதில்

மாணவர்களும் கைப்பேசியும் என்ற பொருளில் வந்து சேர்ந்த கடிதங்கள் தனிக்கட்டாகக் கட்டி வைக்கும் அளவுக்குப் பெருகிவிட்டதால், இம்முறை பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் தெளிவாக எழுதப்பட்ட ஒன்றை எடுத்துக்கொண்டேன். கேட்டவர்களில் பலர் மாணவர்கள் என்பதால் யாருடைய பெயரையும் வெளியிடவில்லை.

கேள்வி: ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுப் படிக்கலாம் என்று கைப்பேசியை எடுத்தால் ஒரு மணி நேரம் போய்விடுகிறது. பிறகு என்னையே திட்டிக்கொள்கிறேன். மறுநாளும் அதேதான் நடக்கிறது. எனக்கு மன உறுதி இல்லை என்றுதானே பொருள்? (கல்லூரி இரண்டாம் ஆண்டு மாணவர்)

பதில்: உங்கள் மன உறுதியை ஒரு கடிதத்தை வைத்து என்னால் எடைபோட முடியாது. ஆனால் நீங்கள் தோற்பதற்கு அதுதான் காரணம் என்று நான் நினைக்கவில்லை. புத்தகத்தில் பக்கம் முடிகிறது, அத்தியாயம் முடிகிறது. நாளிதழுக்குக் கடைசிப் பக்கம் என்று ஒன்று உண்டு. "போதும், எழுந்திருக்கலாம்" என்ற எண்ணம் இத்தகைய முடிவுகளில்தான் நமக்கு எழுகிறது. கைப்பேசித் திரையிலோ அந்த முடிவு திட்டமிட்டே எடுக்கப்பட்டிருக்கிறது. கீழே இழுக்க இழுக்கப் பக்கம் வளர்ந்துகொண்டே போகும் முறையை 2006-இல் வடிவமைத்தவர் ஆசா ரஸ்கின் என்ற வடிவமைப்பாளர். தாம் செய்த காரியத்துக்காகப் பிற்காலத்தில் வெளிப்படையாகவே வருந்தியவர். 2009-இல் ஃபேஸ்புக்கில் 'லைக்' பொத்தான் வந்தது. அதுவரை படித்துவிட்டுப் போகும் இடமாக இருந்தது, நம்மைப் பற்றி யார் என்ன நினைக்கிறார்கள் என்று திரும்பத் திரும்ப வந்து பார்க்கும் இடமாக மாறியது.

இதன் அடியில் ஓடும் உளவியல் புதியது அன்று. புறாக்களையும் எலிகளையும் வைத்து அமெரிக்க உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் செய்த சோதனைகளிலேயே அது தெரிந்துவிட்டது. நெம்புகோலை அழுத்தும் ஒவ்வொரு முறையும் தீனி கிடைத்தால் எலி பசி தீர்ந்ததும் போய்விடுகிறது. எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாதபடி, சில முறை கிடைத்தும் பல முறை கிடைக்காமலும் இருந்தால், அது அழுத்திக்கொண்டே இருக்கிறது. ரீல்ஸ் பார்க்கும்போது பத்தில் எட்டு உங்களுக்கு அலுப்பாகத்தான் இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள். அடுத்தது நன்றாக இருக்கலாம் என்பதுதான் விரலை நகர்த்துகிறது. எது உங்களை நிறுத்தி வைக்கிறது, எதை இரண்டே நொடிகளில் தள்ளிவிடுகிறீர்கள் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டே அடுத்த காட்சியைச் செயலி தேர்ந்தெடுக்கிறது. இதற்கென்றே சம்பளம் வாங்கும் பெரிய பொறியாளர் குழுக்கள் ஒரு பக்கம். நாள் முழுதும் வகுப்பில் இருந்து களைத்துவந்த நீங்கள் மறுபக்கம். இந்தப் போட்டியில் தினமும் வென்றே தீர வேண்டும் என்று சபதம் எடுப்பதைவிட, போட்டியே நடக்காதபடி பார்த்துக்கொள்வது எளிது.

அதாவது தூரம். கைப்பேசியைக் கவிழ்த்து வைப்பது, ஒலியை அணைத்து வைப்பது ஆகியவற்றைவிட வேறு அறையில் வைப்பது மேல். 2017-இல் அமெரிக்காவில் ஏட்ரியன் வார்டு குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அதில் கைப்பேசியை மேசைமேல் வைத்திருந்தவர்களைவிட அதை வேறு அறையில் விட்டுவந்தவர்கள், நினைவாற்றலையும் சிந்தனையையும் சோதிக்கும் பயிற்சிகளை நன்றாகச் செய்தார்கள். பிறகு இதே சோதனையைத் திரும்பச் செய்து பார்த்தவர்களில் சிலருக்கு அந்த விளைவு கிடைக்கவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். எனவே மேசைமேல் சும்மா கிடக்கும் கைப்பேசி மூளையை உறிஞ்சிவிடுகிறது என்றெல்லாம் நான் பயமுறுத்தப் போவதில்லை. ஆனால் எட்டும் தூரத்தில் இல்லாத பொருளைக் கை தானாக எடுக்காது என்பதற்கு ஆய்வு தேவையில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். இழப்பு அந்த ஒரு மணி நேரத்தோடு நிற்பதில்லை. ஒரு வேலையைப் பாதியில் விட்டு வேறொன்றுக்குத் தாவும்போது கவனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்று சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-இல் எழுதினார். அவர் ஆராய்ந்தது அலுவலக வேலைகளைத்தான். படிப்புக்கும் அது பொருந்தும் என்றே எண்ணுகிறேன். பாதி படித்த சமன்பாட்டை விட்டுவிட்டு நண்பர்களின் வாட்ஸ்அப் சண்டையைப் பார்த்துத் திரும்பியவர், புத்தகத்தைப் பார்த்தபடியே சண்டையில்தான் இருப்பார். ஆகவே இடையிடையே எட்டிப் பார்ப்பதைவிட, நாற்பது நிமிடம் படித்துவிட்டு இருபது நிமிடம் மனம் விரும்பியபடி கைப்பேசியைப் பார்ப்பது நல்லது. அந்த இருபது நிமிடத்துக்காகக் குற்ற உணர்வு வேண்டாம். அலாரம் மட்டும் கைப்பேசியில் வைக்காமல் தனிக் கடிகாரத்தில் வையுங்கள். கைப்பேசி அலாரத்தை நிறுத்தப் போகும் விரல் அங்கேயே நின்றுவிடும்.

கேள்வி: என் மகனுக்குப் பதினைந்து வயது. எப்போதும் செல்போன்தான். கேட்டால் 'படிப்புக்கான குரூப்' என்கிறான். அவன் அடிமையாகிவிட்டான் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். பிடுங்கி வைத்துவிடலாமா? (ஒரு தாய்)

பதில்: முதலில் அந்தச் சொல்லைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், அம்மா. உலக சுகாதார நிறுவனம் தன்னுடைய நோய்ப் பட்டியலின் பதினோராம் பதிப்பில் (2022-இல் நடைமுறைக்கு வந்தது) மின்னணு விளையாட்டு (வீடியோ கேம்) அடிமைத்தனத்தை ஒரு கோளாறாகச் சேர்த்திருக்கிறது. சமூக ஊடகப் பயன்பாட்டுக்கு அப்படித் தனி இடம் எதுவும் அதில் இல்லை. விளையாட்டுக்கும்கூட மணிக்கணக்கு அளவுகோல் அன்று. தன்னைக் கட்டுப்படுத்த இயலாமை, வாழ்வின் மற்ற எல்லாவற்றையும் அது பின்னுக்குத் தள்ளுவது, கெடுதல் கண்முன்னே தெரிந்தும் தொடர்வது ஆகியவை சேர்ந்து, பொதுவாக ஓராண்டு அளவுக்கு நீடித்திருந்தால்தான் மருத்துவர்கள் அந்தப் பெயரைச் சூட்டுவார்கள். நிறையப் பார்க்கிறான் என்பது வேறு, நோய் என்பது வேறு. ஒரு பையனை உறவினர் முன்னிலையில் 'அடிமை' என்று சொல்லிச் சொல்லிப் பழக்கினால், அடுத்த உரையாடலுக்கான கதவு மூடிக்கொள்ளும்.

நான் கேட்பது வேறு கேள்விகள். அவன் தூங்குகிறானா? நண்பர்களை நேரில் பார்க்கிறானா? முன்பு விரும்பிச் செய்த ஏதேனும் ஒன்றை இன்னும் செய்கிறானா? கைப்பேசியை வைத்துவிட்டு வந்த பிறகு அவன் முகம் எப்படி இருக்கிறது? இவற்றில் தூக்கத்தை முதலில் வைத்ததற்குக் காரணம் உண்டு. பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது தூக்க மருத்துவர்களின் பரிந்துரை. அந்த வயதில் உடலின் உள்கடிகாரமே தாமதமாகத் தூக்கத்தை அழைக்கிறது. பள்ளியோ காலையில் அழைத்துவிடுகிறது. நடுவில் குறுகிக் கிடக்கும் இரவிலும் கைப்பேசி பங்கு கேட்டால் மீதி என்ன இருக்கும்? எரிச்சல், மறதி, மதிப்பெண் சரிவு என்று நாம் செல்போன் கணக்கில் எழுதும் பலவும் உண்மையில் தூக்கமின்மையின் கணக்கு.

பிடுங்கி வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 'படிப்புக்கான குரூப்' என்று அவன் சொல்வது முழுப் பொய்யாக இருக்க வேண்டும் என்பதில்லை. வீட்டுப்பாடமும் தேர்வு அட்டவணையும் இன்று பல இடங்களில் அந்த வழியாகவே வருகின்றன, அதே குழுவில் அரட்டையும் நடக்கிறது. அதை முற்றிலும் பறித்தால் அவன் வகுப்பிலிருந்தே ஒருவகையில் வெளியேற்றப்படுகிறான். அதற்குப் பதிலாக வீட்டில் ஒரே ஒரு விதியைக் கொண்டுவாருங்கள்: இரவில் எல்லாக் கைப்பேசிகளும் படுக்கையறைகளுக்கு வெளியே, ஒரே இடத்தில் சார்ஜ் ஏற வேண்டும். 'எல்லா' என்பதை மறுபடி படியுங்கள். உங்களுடையதும், வீட்டில் மற்றப் பெரியவர்களுடையதும் அங்கே இல்லாவிட்டால் அந்த விதி ஒரு வாரம்கூடத் தாங்காது. எனக்கு வந்த கடிதங்களில் பிள்ளைகள் எழுதியவற்றில் திரும்பத் திரும்ப வரும் குறை, "நான் பேசும்போது அப்பா செல்போனைப் பார்த்தபடி 'ம்' கொட்டுகிறார்" என்பதுதான். பெற்றோர் கடிதம் ஒன்றில்கூட அது இல்லை.

மேலே கேட்ட கேள்விகளுக்குப் பெரும்பாலும் 'இல்லை' என்று பதில் வந்தாலோ, அவன் மாதக்கணக்கில் தனக்குள் ஒடுங்கிக் கிடந்தாலோ, அது கைப்பேசிப் பிரச்சினையாகவே இராமல் அவன் எதிலிருந்தோ தப்பி அங்கே போயிருப்பதாக இருக்கலாம். அப்போது மனநல மருத்துவரைப் பார்ப்பதில் தயக்கம் வேண்டாம்.

கேள்வி: படுக்கையில் பார்ப்பதற்கு நீல ஒளியைக் குறைக்கும் வசதியைப் போட்டுக்கொண்டால் போதாதா? (பள்ளி மாணவி)

பதில்: போதாது. ஒளி ஒரு காரணம்தான். தூக்கத்தைக் கெடுப்பதில் பெரும் பங்கு, முடிவில்லாமல் நீளும் காட்சிகளுக்கும் இரவு பதினோரு மணிக்கு மனத்தைக் கிளறும் ஒரு செய்திக்கும் உரியது. அவை மஞ்சள் ஒளியிலும் அப்படியே இருக்கும்.

கேள்வி: சமூக ஊடகங்கள் ஒரு தலைமுறையின் மனநலத்தையே சீரழித்துவிட்டன என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். அதற்கு ஆதாரமே இல்லை என்று மற்றொரு சாரார். ஆசிரியர் என்ற முறையில் நான் எதை நம்பிப் பெற்றோரிடம் பேசுவது?

பதில்: இரு சாராரின் கையிலும் உண்மையான எண்கள் இருக்கின்றன, அதுதான் சிக்கல். 2019-இல் ஏமி ஆர்பன், ஆண்ட்ரூ பிரிஸ்பில்ஸ்கி என்ற ஆய்வாளர்கள் இருவர், மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பதின்ம வயதினரின் தரவுகளை ஆராய்ந்தார்கள். ஒருவருக்கொருவர் காணப்படும் மனநல வேறுபாட்டில் மின்னணுக் கருவிகளின் பயன்பாட்டைக் கொண்டு விளக்கக்கூடிய பங்கு அதிகபட்சம் 0.4 விழுக்காடுதான் என்றார்கள். ஒப்பீட்டுக்காக அவர்கள் காட்டியது சுவையானது: அதே தரவில் மூக்குக் கண்ணாடி அணிவதற்கும் மனநலக் குறைவுக்கும் இருந்த தொடர்பு இதைவிட வலுவாக இருந்தது.

மறுபுறம், 2023 மே மாதத்தில் அமெரிக்காவின் தலைமை மருத்துவ அதிகாரி விவேக் மூர்த்தி வெளியிட்ட எச்சரிக்கையில், நாளொன்றுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் சமூக ஊடகங்களில் செலவிடும் பதின்ம வயதினருக்கு மனச்சோர்வு, பதற்றம் முதலியவற்றின் அறிகுறிகள் தோன்றும் வாய்ப்பு இருமடங்கு என்று குறிப்பிடப்பட்டது. அதற்கு முன் 2021-இல் ஃபேஸ்புக்கின் முன்னாள் ஊழியர் ஃபிரான்சஸ் ஹாகன் வெளிக்கொணர்ந்த உள் ஆவணங்களில், தம் உடலைப் பற்றி மனம் சோர்ந்திருக்கும் வேளையில் இன்ஸ்டாகிராம் அச்சோர்வை மேலும் கூட்டுவதாகப் பதின்மப் பெண்களில் 32 விழுக்காட்டினர் கூறியிருந்தது தெரியவந்தது. நிறுவனமே நடத்திய ஆய்வு அது.

இவை முரண்படுவதுபோல் தோன்றுவதற்குக் காரணம் 'சராசரி' என்ற கணக்கு. லட்சக்கணக்கானவர்களை ஒன்றாகச் சேர்த்தால், நண்பர்களோடு பேசிச் சிரித்து நன்றாக இருப்பவனும், நள்ளிரவில் மற்றவர்களின் முகங்களைப் பார்த்துத் தன் முகத்தை வெறுப்பவளும் ஒரே கூட்டலில் விழுந்து ஒருவரையொருவர் அழித்துவிடுகிறார்கள். இன்னொன்று, எது முன், எது பின் என்பது. மனம் சோர்ந்த பிள்ளை அதிகமாகச் செல்போன் பார்க்கிறதா, அதிகம் பார்ப்பதால் மனம் சோர்கிறதா என்பதை மூன்று மணி நேரக் கணக்கு ஒன்று மட்டும் பிரித்துக் காட்டாது. இரண்டும் நடக்கக்கூடும், ஒரே பிள்ளையிடமே மாறி மாறி நடக்கவும் கூடும். வயதும் முக்கியம். ஆர்பன் குழுவினரே 2022-இல் பிரிட்டனின் தரவுகளை வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, பெண்களுக்கு 11 முதல் 13 வரையும் ஆண்களுக்கு 14, 15 வயதுகளிலும், பிறகு இரு பாலாருக்கும் 19-ஐ ஒட்டியும், கூடுதலான சமூக ஊடகப் பயன்பாட்டைத் தொடர்ந்து அடுத்த ஆண்டில் வாழ்க்கை நிறைவு குறைவது தெரிந்தது. முதலில் 'விளைவு மிகச் சிறிது' என்றவரே தரவை நுணுகிப் பார்த்து 'சில வயதுகளில் கவனம் தேவை' என்கிறார். இந்த மாற்றத்தை முரண்பாடாகக் கருதாமல் ஆய்வு நடக்கும் முறையாகவே நான் கொள்கிறேன்.

எனவே பெற்றோரிடம் பேசும்போது 'எத்தனை மணி நேரம்' என்று தொடங்காமல் 'யாரோடு, எதற்காக, எந்த நேரத்தில், பார்த்த பின் எப்படி' என்று தொடங்குங்கள். நண்பனோடு இரண்டு மணி நேரம் கணக்குப் போட்டுப் பார்ப்பதும், அறிமுகமற்றவர்களின் விடுமுறைப் படங்களை அரை மணி நேரம் பார்த்துப் பொருமுவதும் ஒன்றல்ல. உங்கள் வகுப்பில் யார் இந்த இரண்டாம் வகையில் வாடுகிறார்கள் என்பது எந்த ஆய்வாளரையும்விட உங்களுக்குத்தான் முன்னதாகத் தெரியும்.

கேள்வி: ஆஸ்திரேலியாவைப் போல் எல்லா நாடுகளும் சிறுவர்களுக்குச் சமூக ஊடகங்களைத் தடை செய்துவிட்டால் என்ன?

பதில்: அந்தச் சட்டம் 2024 நவம்பரில் நிறைவேறி 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்தது. பதினாறு வயதுக்கு உட்பட்டவர்கள் முக்கிய சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கும் பொறுப்பை நிறுவனங்கள்மீது சுமத்துகிறது, தவறினால் 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம். பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தண்டனை இல்லை. எனக்கு அதில் பிடித்த அம்சம் இந்தக் கடைசி வரிதான். இதுவரை பல செயலிகளில் இருந்துவந்த '13 வயது' என்ற எல்லை, 1998-இல் அமெரிக்கா கொண்டுவந்த குழந்தைகளின் தகவல் பாதுகாப்புச் சட்டத்திலிருந்து பிறந்தது. பிள்ளையின் மனம் எந்த வயதில் பக்குவப்படும் என்று ஆராய்ந்து வைத்த எண் அன்று அது. பிறந்த ஆண்டை மாற்றிப் போட்டால் கடந்துவிடலாம் என்பதும் எல்லாப் பத்து வயதுக் குழந்தைகளுக்கும் தெரியும்.

பள்ளி நேரத்தில் மட்டும் கைப்பேசியை விலக்கி வைப்பது இதைவிட எளிய வழி. ஃபிரான்ஸ் 2018-இலேயே பதினைந்து வயது வரையிலான மாணவர்களுக்கு அதைச் சட்டமாக்கியது. என் ஆதரவு அதற்கே. வயதுத் தடையின் பலனைச் சில ஆண்டுகள் பார்த்துவிட்டுப் பேசுவோம்.

கேள்வி: என் தோழி (வயது 17) நம்பி அனுப்பிய ஒரு படத்தை வைத்து ஒருவன் மிரட்டுகிறான். வீட்டில் சொன்னால் போனை வாங்கிவிடுவார்கள், படிப்பையே நிறுத்திவிடுவார்கள் என்று அழுகிறாள். என்ன செய்வது?

பதில்: இக்கடிதத்தை மற்றவற்றுக்கு முன்பே படித்திருக்க வேண்டும், தாமதத்துக்கு மன்னியுங்கள். அவன் கேட்பதைக் கொடுக்க வேண்டாம், பணமாக இருந்தாலும் இன்னொரு படமாக இருந்தாலும். ஒருமுறை கொடுத்தால் கோரிக்கை நிற்பதில்லை. மிரட்டல் செய்திகளை அழித்துவிடாமல், அவனுடைய கணக்கின் பெயர் தெரியும்படி பதிவு செய்து வைத்துக்கொண்டு, அதன் பிறகு அவனைத் தடை செய்யட்டும். தோழிக்குப் பதினெட்டு ஆகவில்லை என்பதால் 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை அவருக்குப் பயன்படும். படத்தை எங்கும் அனுப்ப வேண்டியதில்லை. அவருடைய கருவியிலேயே படத்துக்கு ஓர் எண் அடையாளம் உருவாக்கப்பட்டு அந்த எண் மட்டும் போகிறது. அதில் சேர்ந்துள்ள இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், டிக்டாக் போன்ற தளங்கள் தங்களிடம் அந்தப் படம் ஏறியிருந்தால் அதைக் கண்டு நீக்க அந்த எண் உதவுகிறது. பதினெட்டைக் கடந்தவர்களுக்கு 'ஸ்டாப் என்சிஐஐ' என்ற தளம் இதே முறையில் இயங்குகிறது.

அதோடு, காவல்துறைக்குப் போகும் முன்பேனும் ஒரு பெரியவரிடம் சொல்லியாக வேண்டும். பெற்றோரிடம் முதலில் சொல்ல முடியாவிட்டால் ஓர் ஆசிரியை, ஓர் அத்தை, ஒரு சித்தி என்று யாராவது ஒருவர் இருப்பார். அவர் உடன் வந்து பெற்றோரிடம் பேசட்டும். இதைப் படிக்கும் பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும்: மிரட்டுபவனின் முழு பலமும் 'வீட்டில் தெரிந்தால் தொலைந்தாய்' என்ற ஒரே வாக்கியத்தில் இருக்கிறது. "எது நடந்தாலும் முதலில் என்னிடம் வா, போனைப் பிடுங்க மாட்டேன்" என்று இன்றைக்கே, எந்தக் காரணமும் இல்லாத நேரத்தில், உங்கள் பிள்ளையிடம் சொல்லி வையுங்கள்.

கேள்வி: பெரியவர்கள் எல்லோரும் கைப்பேசியைத் திட்டுகிறீர்கள். வகுப்பில் புரியாத பாடத்தை நான் யூடியூபில்தான் புரிந்துகொண்டேன். இதை ஏன் யாரும் எழுதுவதில்லை? (பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்)

பதில்: எழுதுகிறேன். டியூஷனுக்குப் போக வசதியில்லாத மாணவருக்கும், கேள்வி கேட்கக் கூச்சப்படும் மாணவிக்கும், ஒரே விளக்கத்தை ஏழு முறை திருப்பிப் போட்டுக் கேட்க முடிவது சாதாரண வரம் அன்று. என் மாணவப் பருவத்தில் அது கிடைத்திருந்தால் இயற்பியலோடு எனக்கிருந்த பகை தீர்ந்திருக்கும்.

ஆனால் நீங்கள் 'புரிந்தது' என்று சொல்வதில் ஒரு கண்ணி இருக்கிறது. நல்ல ஆசிரியர் காணொளியில் தெளிவாக விளக்கும்போது எல்லாம் புரிந்ததுபோல் தோன்றும். அந்தத் தெளிவு அவருடையதா, உங்களுடையதா என்பது தேர்வு அறையில்தான் தெரியவரும். ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட சோதனையில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்விலோ, படித்துவிட்டுப் பாராமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் அவர்களை மிஞ்சினார்கள். திரும்பத் திரும்பப் படித்தவர்களுக்குத்தான் தங்கள் நினைவின் மேல் நம்பிக்கை அதிகமாக இருந்தது என்பது வேடிக்கை.

ஆகவே பத்து நிமிடக் காணொளி முடிந்ததும் அடுத்தது தானாக ஓடத் தொடங்கும் முன் நிறுத்துங்கள். அமைப்பில் தானியங்கி ஓட்டத்தையே அணைத்துவிட முடியும். திரையை மூடிவிட்டு, வெற்றுத் தாளில் அந்தச் சூத்திரத்தை ஆரம்பத்திலிருந்து வருவித்துப் பாருங்கள். எங்கே பேனா நிற்கிறதோ அந்த இடத்துக்கு மட்டும் காணொளியில் திரும்பிப் போய்ப் பார்த்தால் போதும்.